ஜாம்நகரிலிருந்து வந்த காட்லு நம் பக்கத்து வெயிலுக்கு ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: தங்கச்சிமடத்து அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மருமகள் குஜராத்தின் ஜாம்நகர்க்காரி. தலைப்பிள்ளை பெற்று இன்றோடு 12 நாள் ஆகிறது. சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் தாம் வர முடியாமல், ஓகா ரயிலில் ராமேசுவரத்திற்கு யாத்திரை வந்த ஊர்க்காரர் கையில் பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் கொடுக்கும் ‘காட்லு’ என்ற இனிப்பை ஒரு தகர டப்பா நிறையக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கோதுமை மாவு, நெய், வெல்லம், கொப்பரை, சுக்கு, பிசின் ஆகியவற்றோடு 32 சரக்குகள் இடித்த பொடியும் அதில் சேருமாம். காலையில் ஒரு துண்டு தின்றுவிட்டு, சதகுப்பை போட்டுக் கொதித்த நீரை நாள் முழுதும் குடிக்கிறாள். நாங்களோ பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்போம். பால் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுப்போம். அவள் சைவம் என்பதால் புட்டுக்கு வழியில்லை. இந்தச் சித்திரை வெயிலில் இவ்வளவு நெய்யும் சுக்கும் சூடு கிளப்பிவிடாதா? டப்பா தீரப்போகிறது, நானே கிண்டிக் கொடுக்கலாம் என்று பிசின் வாங்கி ஊறவைத்தால், அது குழகுழவென்று பாத்திரம் நிறைய ஊதிக்கொண்டது. அவள் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் மூடியை முகர்ந்து பார்க்கிறாள். அதைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதில்: மணிநகர் மண்டபத்தான்

அம்மா, நான் மண்டபத்தில் பிறந்து, 22 ஆண்டுகளாக அகமதாபாத் மணிநகரில் இருப்பவன். என் இரு பிள்ளைகள் பிறந்தபோதும் அண்டை வீட்டுப் பாட்டிதான் என் மனைவிக்குக் காட்லு செய்து கொடுத்தார். நீங்கள் வாங்கியது பாதாம் பிசின்; அது தண்ணீரில் ஊறிக் குளிர்ச்சி தருவது. காட்லுவுக்கு வேண்டியது ‘குந்தர்’ என்னும் கருவேலம் பிசின். நம் ஊரில் காடாக மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு மரம், அதில் எடுத்துவிடாதீர்கள். பிசினைச் சிறு துண்டாக உடைத்து, மிதமான சூட்டில் நெய்யில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பொரி போல மலரும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் கண்ணாடி போலக் கெட்டியாக இருந்தால் இன்னும் பொரியவில்லை என்று பொருள், அது பல்லில் ஒட்டிக்கொள்ளும். பெரிய பெயர் கொண்ட சரக்குகளைக் கண்டு மலைக்க வேண்டாம். அவர்கள் ‘கந்தோடா’ என்பது நம் கண்டந்திப்பிலி, ‘சுவா’ என்பது சதகுப்பை, ‘அஜ்மோ’ என்பது ஓமம். நம் பேறுகால மருந்தில் சேர்வனவும் பெரும்பாலும் இவைதாம். நாம் லேகியமாகக் கிண்டுவதை அவர்கள் துண்டு போடுகிறார்கள்.

சூட்டைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. காட்லு அங்கேயே குளிர்காலப் பண்டம்தான். மார்கழி, தை மாதங்களில் வீட்டிலுள்ள எல்லோரும் தின்பார்கள். என் மூத்தவள் மே மாதத்தில் பிறந்தபோது, அந்தப் பாட்டி துண்டைப் பாதியாக்கிவிட்டு, ‘ராப்’ என்ற நீர்த்த கஞ்சியைக் கூட்டினார்: ஒரு கரண்டி மாவை நெய்யில் சிவக்க வறுத்து, வெல்ல நீர் ஊற்றி, சுக்கும் கண்டந்திப்பிலியும் ஒரு சிட்டிகை தூவுவது. வெல்லத்திற்குப் பதிலாக நம் கருப்பட்டி போட்டாலும் நன்றாக வரும். அங்கே ‘சவா மகினோ’ என்று ஒன்றேகால் மாதம் தாயை அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டார்கள். அந்த ஓய்வையும் மருமகளுக்குத் தவறாமல் கொடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கீழக்கரை

சகோதரி, தண்ணீர் விஷயத்தில் உங்கள் சம்பந்தி வீட்டு வழக்கமே சரி. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் மிகுதி. நம் கடற்கரை வெக்கையில் நீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் சிறுநீர்க் கடுப்பும்தான் மிஞ்சும். நானே எத்தனையோ வீடுகளில் வறண்ட உதட்டோடு படுத்திருந்த தாய்மார்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். கர்ப்பத்தில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்திருந்தால், இனிப்பையும் நெய்யையும் மருத்துவரிடம் கேட்டபின் கொடுங்கள். காட்லு தின்கிறாள் என்பதற்காக இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பிரசவத்திற்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டும். குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அவர்கள் வழக்கப்படி விளக்கெண்ணெய், நம் வழக்கப்படி உரைமருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

பதில்: பாம்பன் வாசகி

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நம் உப்புக்காற்றில் பிசின் நமுத்து, நெய்யும் சீக்கிரம் சிக்கெடுக்கும். கால் கிலோ மாவுக்கு மேல் ஒரே முறையில் கிண்டாமல், கண்ணாடிப் புட்டியில் போட்டு ஈரம் படாத கரண்டியால் எடுங்கள்.

தங்கச்சிமடத்து அம்மா

மூவருக்கும் நன்றி. மருமகளுக்குச் சர்க்கரை, அழுத்தம் எதுவும் இருந்ததில்லை. தண்ணீரை இனி அளக்க மாட்டேன். மாத்திரை அட்டை அலமாரியில் பாதியில் கிடந்தது. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். நாட்டு மருந்துக் கடையில் சரியான பிசின் கிடைத்தது. இன்று காலை சம்பந்தி அம்மா கைப்பேசியில் முகம் பார்த்தபடி சொல்லச் சொல்லப் பொரித்தேன். முதல் ஈடு கருகிவிட்டது, இரண்டாவது மல்லிகை மொட்டு விரிந்தாற்போல் வந்தது. அந்த யாத்திரைக்காரர் வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறார். வந்த டப்பாவைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அதில் பனங்கற்கண்டு நிரப்பிச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன்.