கைத்தடியோடு நடந்தால் ஃபிட்னஸ் பேண்டில் ஸ்டெப்ஸ் எண்ணிக்கை ஏறவில்லை, உதவி வேண்டும்

அப்பாவுக்கு வயது 74. முழங்கால் வலி, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். பொங்கலுக்கு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கிக் கொடுத்தேன். இடது கையில் பழைய கடிகாரம், அதைக் கழற்ற மனமில்லை. அதனால் தடி பிடிக்கும் வலது கையில்தான் பேண்ட். மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடந்தால் 210 ஸ்டெப்ஸ் என்று காட்டுகிறது. "நடந்ததெல்லாம் எங்கே போச்சு?" என்கிறார். இரண்டு நாளாக மாடிக்கே போகவில்லை, எனக்கு மனசு கேட்கவில்லை. சார்ஜ் ஏற்றி, போனோடு மறுபடி இணைத்தும் பார்த்துவிட்டேன். பேண்ட் பழுதா?

பதில் 1:
பழுதாக இருக்காது தம்பி. மணிக்கட்டில் கட்டும் பேண்ட், கை அசைவை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது. தடி ஊன்றிய கை வீசாது, மெதுநடையில் அசைவு இன்னும் குறைவு. வாக்கர் பிடித்து நடப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. தடியில்லாத கைக்கு மாற்றுங்கள். அப்புறம் கணுக்காலிலும் கட்டிப் பாருங்கள். கூடவே நடந்து 100 அடி எண்ணி, பேண்டோடு ஒப்பிடுங்கள். கணுக்காலில் காட்டும் இதயத்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். சர்க்கரை இருந்து கால் மரத்துப்போகிறது என்றால் கணுக்காலே வேண்டாம்.

பதில் 2:
பேண்டில் ஒரு நாள் இலக்கு 10,000 அடி (ஸ்டெப்ஸ்) என்றே இருக்கிறதா? முதலில் அதை மாற்றுங்கள். அது மருத்துவர்கள் வகுத்த அளவு அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற கருவியின் பெயரிலிருந்து பரவியது. அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள். 2019இல் ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீயின் குழு, சராசரி வயது 72 கொண்ட அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஒரு வாரம் அப்பா வழக்கம்போல நடக்கட்டும். அந்தச் சராசரியோடு 200 சேர்த்தால் போதும். வலி கூடினால் அன்றைக்கு ஓய்வு.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இடது கையில் 100க்கு 71, கணுக்காலில் 94! சர்க்கரை இல்லை, அதனால் கணுக்காலிலேயே விட்டுவிட்டோம். வாரச் சராசரி 1,600 வந்தது, இலக்கை 1,800 ஆக்கியிருக்கிறேன். நேற்று சாயங்காலம் 1,740 என்று பார்த்தவர், தடியை எடுத்துக்கொண்டு தானாகவே தெருமுனை வரை போய் வந்தார்.