உள்ளெல்லையும் ஆணையெல்லையும்

வணக்கம்.

ஒரே அரசுக்கு உட்பட்ட இரு பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்கு (internal border) 'உள்நாட்டு எல்லை' என்பதைத் தமிழ்க் கலைச்சொல்லாகக் கொள்ளலாம் என்ற முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். எது நாடு என்பதே சர்ச்சையாக இருக்கும் இடங்களில்தான் இப்படியொரு சொல் அதிகம் தேவைப்படுகிறது. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் மக்கள் தங்களுடையதை ஒரு நாடு என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்தோடு அவர்களுக்குள்ள எல்லையை உள்நாட்டு எல்லை என்றால் கலைச்சொல்லே ஒரு கட்சி சேர்ந்துவிடும். 'தன்னாட்சி எல்லை' காதுக்கு இனிமையாக இருந்தாலும், தன்னாட்சி எதுவரை செல்லும் என்ற அளவையே முதலில் நினைவூட்டுவதால், அதை அந்தப் பொருளுக்கு விட்டுவைப்பதே நல்லது.

வெறும் 'உள்ளெல்லை' போதாதா என்று கேட்பவர்களுக்கு லானமினெக் என்ற ஊரைக் காட்டுவேன். வேல்ஸ்-இங்கிலாந்து எல்லைக்கோடு அவ்வூரின் ஊடாகவே செல்கிறது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸில் மதுக்கூடங்களை ஞாயிறுதோறும் மூட வைத்தபோது, கோட்டின் மேலேயே அமைந்திருந்த லயன் விடுதியில் அன்று இங்கிலாந்துப் பக்கத்து அறையில் மட்டும் குடிக்கலாம் என்றிருந்ததாம். (குடிப்பவர்களுக்குப் புவியியல் நன்றாகவே தெரிந்திருக்கிறது.) ஆனால் இருபுறத்துச் சட்டங்களையும் இயற்றியது லண்டன் நாடாளுமன்றம் ஒன்றே. 1999இல் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் வேல்ஸுக்கெனப் பேரவை அமைந்து, 2011 பொதுவாக்கெடுப்புக்குப் பின் அதன் சட்டமியற்றும் அதிகாரம் விரிவடைந்தது. 2020 மார்ச்சில் மதுவுக்கு அலகொன்றுக்கு (10 மி.லி. தூய ஆல்கஹால்) 50 பென்ஸ் என்ற, இங்கிலாந்தில் இல்லாத குறைந்தபட்ச விலை வேல்ஸில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கொரோனா மிகுந்த இங்கிலாந்துப் பகுதிகளிலிருந்து தக்க காரணமின்றி எவரும் வேல்ஸுக்குள் வரக்கூடாது என்று கார்டிஃப் அரசே தடை விதித்தது. பழைய கோடுதான், ஆனால் அதைத் தாண்டினால் இப்போது வேறொரு அரசின் ஆணை நடக்கிறது.

ஆகவே பொதுச்சொல்லாக 'உள்ளெல்லை', தன்னாட்சி பெற்ற பகுதியின் சட்டம் தொடங்கும் கோட்டுக்கு மட்டும் 'ஆணையெல்லை' என்று கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. ஆணை என்றால் இன்று அரசாணைத் தாள்தான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எழலாம். 'ஆணை செல்லும்' என்ற பழைய வழக்கு இன்னும் புரிகிறது என்பதால் அதைப் பெரிய தடையாக நான் கருதவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. 2007 ஏப்ரல் முதல் வேல்ஸில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமில்லை. எல்லையோரம் வாழ்ந்து, இங்கிலாந்து மருத்துவரிடம் பதிந்துகொண்ட வேல்ஸ்வாசிக்கும் தனி அட்டை ஒன்றின்மூலம் அவ்வுரிமை கிடைக்கிறது. நிலத்தோடு நில்லாமல் ஆளைத் தொடரும் இந்த எல்லையை 'ஆணையெல்லை' முழுமையாகத் தழுவாது. இதற்குத் தனிச்சொல் தேவையா, அடைமொழியே போதுமா என்பதை நண்பர்கள் சொல்ல வேண்டும்.