நாசோ கொலிசியம் 2011: 40 கோடி டாலர் பாண்ட் ஏன் தோத்தது?

நீலக்கோடு:
நியூயார்க் ஐலண்டர்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்குப் புது அரங்கம் கட்ட 40 கோடி டாலர் பாண்ட் (அரசு கடன் பத்திரம்) போடலாமான்னு நியூயார்க் மாநிலத்தின் நாசோ கவுண்டி (மாவட்டம் மாதிரி) 2011 ஆகஸ்ட் 1ல் வாக்கெடுப்பு நடத்துச்சு. 35 கோடி அரங்கத்துக்கு, 5 கோடி ஒரு பேஸ்பால் மைதானத்துக்கு. பதிலுக்கு அரங்க வருமானத்தில் 11.5 சதவீதம் கவுண்டிக்கு, எப்படிப் போனாலும் ஆண்டுக்கு 1.4 கோடிக்குக் குறையாதுன்னு உரிமையாளர் சார்லஸ் வாங் தரப்பு உறுதி. ஆனாலும் 57-43ல் தோத்தது. அணி ஆடின பழைய அரங்கமான கொலிசியம் 1972ல் திறந்தது, அணியோட லீஸ் 2015ல் முடியப்போகுது, அணி கிளம்பிடும்னு எல்லாருக்கும் தெரியும். கணக்கு எங்கே உதைச்சது?

வட்டிக்கணக்கு:
அந்த 1.4 கோடியிலதான். 40 கோடியை 5 சதவீத வட்டி, 30 வருஷம்னு வச்சுப் போட்டுப் பாருங்க. தவணை ஆண்டுக்கு 2.6 கோடி. உறுதி தந்தது போக 1.2 கோடி துண்டு விழுது. 11.5 சதவீதத்தை வச்சே தவணையை அடைக்கணும்னா அரங்கம் வருஷத்துக்கு சுமார் 22.6 கோடி வசூல் பண்ணணும். 2007க்கு அப்புறம் பிளேஆஃப் (சீசன் கடைசி நாக்-அவுட் சுற்று) பக்கமே எட்டிப் பார்க்காத அணியை நம்பி!

கவுண்டியின் பட்ஜெட் ஆய்வு அலுவலகம் வீட்டுக்கு ஆண்டுக்கு 58 டாலர் வரை வரி ஏறலாம்னு சொல்லுச்சு. 2.6 கோடியை அங்கிருந்த சுமார் 4.5 லட்சம் குடும்பங்களுக்கு வகுத்தா அதே 58 வருது, அதாவது வருமானப் பங்கைச் சேர்க்காம. தொகை பெரிசில்ல. ஆனா அந்த ஜனவரியிலதான் மாநிலக் கண்காணிப்பு அமைப்பான நிஃபா கவுண்டியோட நிதியைத் தன் பிடிக்குள்ள கொண்டுவந்திருந்தது. வாக்கெடுப்பு ஜெயிச்சிருந்தாலும் கடன் வாங்க நிஃபா சம்மதம் வேணும். இந்த நிலைமையில சொத்து வரி கட்டுறவங்க கிட்ட இன்னொரு கடன்னு போய் நின்னா யார் கை தூக்குவாங்க?

நீலக்கோடு:
சரி, வாங் சொந்தப் பணத்துல கட்டியிருக்கலாமே?

டவுன்ஹால்:
முதல் திட்டமே அதுதான். லைட்ஹவுஸ்னு பேரு. கொலிசியத்தைச் சுத்தி வீடு, ஹோட்டல், கடைகள் கட்டி அந்த லாபத்துல அரங்கத்தைச் சரிபண்றது. ஹாக்கி மட்டும் அரங்கச் செலவைத் தூக்காதுன்னு அவருக்குத் தெரியும். சிக்கல் என்னன்னா, நிலம் கவுண்டிக்குச் சொந்தம், எதைக் கட்டலாம்னு மண்டல அனுமதி தர்றது ஹெம்ப்ஸ்டெட் டவுன். போக்குவரத்து நெரிசல், அடர்த்தின்னு சொல்லி 2010ல் டவுன் திட்டத்தைக் கிட்டத்தட்ட பாதியா வெட்டுச்சு. லாபம் வர்ற பகுதியே போச்சுன்னா அப்புறம் என்ன மிச்சம்? அதுக்குப் பிறகுதான் பாண்ட் பேச்சு. என்னைக் கேட்டா திட்டம் செத்தது 2011ல் இல்ல, 2010லயே.



மூன்றாம் பீரியட்:
அப்புறம் நடந்ததும் பாடம்தான். 2012ல் அறிவிச்சு 2015ல் புரூக்ளின் பார்க்ளேஸ் சென்டருக்குப் போனாங்க. கூடைப்பந்துக்குன்னு வடிவமைச்ச அரங்கம். ரிங்க் (ஐஸ் தளம்) நடுவுல உட்காரல, ஸ்கோர்போர்டு தளத்தோட நடுவுல இல்லாம ஐஸ்ல போட்ட ஒரு நீலக்கோட்டுக்கு மேல தொங்குச்சு, சில இருக்கைகள்ல இருந்து ஒரு பக்கத்து கோல் வலையே தெரியாது. ஐஸுக்குக் கீழே குளிரூட்டும் குழாய் எஃகுக்குப் பதிலா பிவிசி. வெப்பத்தை மெதுவாத்தான் கடத்தும், அதனால ஐஸ் இளகுதுன்னு வீரர்கள் புலம்பல். வேற விளையாட்டு அரங்கத்துல ஹாக்கியைத் திணிக்கும்போது முதல்ல பார்க்கவேண்டியது இந்தக் குழாயும் இருக்கைகளோட பார்வைக் கோணமும்தான்.

கடைசியில புது உரிமையாளர்கள் பெல்மான்ட் பார்க்கில் மாநில அரசு நிலத்தை லீஸுக்கு எடுத்து, 100 கோடிக்கு மேல பெரும்பாலும் தனியார் பணத்துல யூபிஎஸ் அரீனா கட்டி 2021 நவம்பர்ல திறந்தாங்க. மண்டல அனுமதிச் சண்டை இல்ல, ஏன்னா அங்கே மாநில அமைப்பே அனுமதியைப் பார்த்துக்கிச்சு.

இன்னொரு ஹாக்கி அணியான அரிசோனா கயோட்டீஸையும் பாருங்க. அரிசோனாவின் டெம்பி நகரத்துல 46 ஏக்கர் நிலம், 210 கோடி டாலர் அரங்கத் திட்டம், பெரும்பகுதி தனியார் முதலீடுன்னு சொன்னாங்க. 2023 மே 16ல் நடந்த மக்கள் வாக்கெடுப்புல அதுக்கான மூணு தீர்மானமும் தோத்தது. அங்கே வாதம் கடனைப் பத்தினது இல்ல, வரிச் சலுகையைப் பத்தினது. அடுத்த ஏப்ரல்ல அணி சால்ட் லேக் சிட்டிக்குப் போயிடுச்சு.