காலையில் மட்டும் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், உதவுங்கள்

வணக்கம். என் கார் 2005 மாடல், 4 சிலிண்டர் பெட்ரோல், ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். ஓடியது 1,60,000 கி.மீ. மூன்று வாரமாக, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் இரண்டு நிமிடம் ஸ்டீயரிங் வரை உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. சூடானதும் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி0302 (இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற கோட்).

நான்கு பிளக்கும் புதிதாக மாற்றினேன். 2-ஆம் காயிலை 3-க்கு மாற்றிப் பார்த்தேன், அப்புறம் இன்ஜெக்டரையும். கோட் நகரவே இல்லை. சூடான இன்ஜினில் கம்ப்ரஷன் நான்கிலும் 170 பிஎஸ்ஐ-யை ஒட்டியே வந்தது.

என்னை உறுத்துவது இதுதான்: நேற்று பிளக்குகளைக் கழற்றியபோது மற்ற மூன்றும் லேசான பழுப்பு, இரண்டாவது மட்டும் கழுவி வைத்த மாதிரி வெளுத்திருந்தது. கூலன்ட்டும் வாரத்துக்கு ஒரு விரல் அளவு குறைகிறது. கீழே ஒழுகல் இல்லை. ஆயிலில் பால் நிறம் இல்லை, வெள்ளைப் புகையும் கண்ணில் படவில்லை.

18 வருடமாக வீட்டில் இருக்கும் வண்டி. வெறும் சந்தேகத்தில் ஹெட்டைக் கழற்ற மனம் வரவில்லை. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) கசிந்து கூலன்ட் அந்தச் சிலிண்டருக்குள் போகிறது என்று உறுதி செய்ய, கூலிங் சிஸ்டத்தில் ராத்திரி முழுக்க பிரஷர் ஏற்றி வைப்பதா, லீக்-டவுன் டெஸ்டா (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு, எங்கே கசிகிறது என்று பார்ப்பது), எதை முதலில் செய்வது?