வோல்ட் மாத்துற வேப் பேனா (இ-சிகரெட்), மலைக்காரங்க உங்க அனுபவம் சொல்லுங்க

குன்னூர்_டு_கவன்ட்ரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் குன்னூர் பெட்போர்டு பக்கம் பொறந்து வளந்தவன், இப்ப இங்கிலாந்துல கவன்ட்ரில ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை, லீவுக்கு வந்திருக்கேன். வந்ததுல இருந்து பழைய பசங்க எல்லாம் ஒரே கேள்வி, "நீ தம்ம விட்டுட்டு வேப்புக்கு போயிட்டியாமே, கம்மி விலையில வோல்ட் கூட்டி குறைக்குற மாதிரி எது நல்லாருக்கும், வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல"னு. ஒவ்வொருத்தனுக்கா சொல்றதுக்கு இங்கயே முழுசா எழுதிடறேன், உங்ககிட்டயும் அனுபவம் இருந்தா கீழ போடுங்க.

மொதல்ல சட்டத்த சொல்லிடறேன். நம்ம நாட்டுல இத தடை பண்ணி 2019 செப்டம்பர்ல அவசர சட்டம் வந்து அதே வருஷம் டிசம்பர்ல முழு சட்டமாவே ஆயிருச்சு. தயாரிக்கிறது, விக்கிறது, விளம்பரம் பண்றது, ஸ்டாக் வக்கிறது, வெளிநாட்டுல இருந்து உள்ள கொண்டு வர்றது எல்லாமே குத்தம். மொத தடவைக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும் சேந்து, மறுபடி மாட்டுனா 3 வருஷம் 5 லட்சம் வரைக்கும் போகும், ஸ்டாக் வக்கிறதுக்கு மட்டும் 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 50 ஆயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அதனால என்னோடது கவன்ட்ரி ரூம்லயே இருக்கு, யாருக்கும் கொண்டு வரல, கொண்டு வரவும் மாட்டேன். நான் எழுதுறது அங்க வாங்கி அங்க யூஸ் பண்ணது. நம்ம நீலகிரி புள்ளைங்க வேலைக்கு படிப்புக்குன்னு அங்க வர்றாங்க, வந்த கையோட கடைல போயி நின்னு பளபளன்னு இருக்குறத தூக்கிட்டு வர்றாங்க, அவங்களுக்குத்தான் இது.

வோல்ட் மாத்துற பேனான்னா என்னன்னா, அடில பேட்டரி, மேல டேங்க், டேங்குக்குள்ள காயில், காயில சுத்தி பஞ்சு, பஞ்சு லிக்விட உறிஞ்சி வச்சிருக்கும், பட்டன அழுத்துனா காயில் சூடாகி லிக்விட் ஆவியாகும், அவ்ளோதான் மேட்டர். பேட்டரி அடில ஒரு திருகு இருக்கும், 3.3ல இருந்து 4.8 வரைக்கும் திருப்பலாம், சிலதுல திருகுக்கு பதிலா பட்டன மூணு தடவ தட்டுனா லைட்டு கலர் மாறும். அஞ்சு தடவ தட்டுனா ஆன் ஆஃப். எல்லாரும் பாக்குறது அந்த 4.8 நம்பரத்தான், ஜாஸ்தி வோல்ட்டுன்னா நல்ல ஐட்டம்னு. அந்த நம்பர் மட்டும் தனியா ஒண்ணும் சொல்லாது. காயிலோட ஓம், அதாவது மின்தடை, எவ்ளோன்னு பாக்கணும். வோல்ட்ட வோல்ட்டாலயே பெருக்கி ஓம்மால வகுத்தா வாட், பத்தாவதுல படிச்சதுதான். 1.8 ஓம் காயில்ல 3.4 வோல்ட் வச்சா ஆறரை வாட் கிட்ட வரும், அதே காயில்ல 4.8க்கு திருப்புனா கிட்டத்தட்ட 13 வாட், ரெண்டு மடங்கு! பாக்க ஒன்னரை வோல்ட்டுகூட வித்தியாசம் இல்ல, ஆனா சூடு ரெண்டு மடங்கு. அதுவே 1 ஓம் காயில மாட்டிட்டு 4.8 வச்சீங்கன்னா 23 வாட், சின்ன டேங்க்ல இருக்குற பஞ்சு அதுக்கு ஈடு குடுக்காது, லிக்விட் வந்து சேர்றதுக்குள்ள பஞ்சு கருகிடும். தொண்டைல கப்புன்னு பிடிக்கும் பாருங்க, அதான் டிரை ஹிட். அதுக்கு அப்புறம் அந்த காயில தூக்கி போட வேண்டியதுதான்.

இது வெறும் டேஸ்ட் விஷயம் கிடையாது. 2015ல அமெரிக்காவுல போர்ட்லண்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க ஒரு பெரிய மருத்துவ இதழ்ல எழுதுனாங்க, இந்த மாதிரி வோல்ட் மாத்துற பேனாவ 3.3ல ஓட்டுனப்ப ஃபார்மால்டிஹைட்ங்குற கேன்சர் வரவைக்கிற கெமிக்கல் தெரியல, 5 வோல்ட்ல ஓட்டுனா நல்லா தெரியுதுன்னு. அதுக்கு மத்த ஆராய்ச்சிக்காரங்க "அந்த சூட்டுல இழுத்தா கருகின வாசத்துக்கே மனுசன் கீழ வச்சிருவான், மெஷின்தான் இழுக்கும்"னு பதில் சொன்னாங்க. ரெண்டு பக்கத்தையும் வச்சு பாத்தா எனக்கு கிடைச்ச பாடம் ஒண்ணுதான், குறைஞ்ச வோல்ட்ல ஆரம்பிச்சு தொண்டைக்கு போதும்னு பட்ட எடத்துல நிறுத்திக்கணும், கருகல் வாசம் லேசா வந்தாலும் உடனே நிறுத்தணும். நான் 1.8 ஓம் காயில்ல 3.6, 3.7 தாண்டுறதே இல்ல.

அங்க கடைல வாங்குறப்ப டேங்க் 2 மில்லிக்கு மேல இருக்க கூடாது, நிக்கோடின் லிக்விட் பாட்டில் 10 மில்லி, நிக்கோடின் மில்லிக்கு 20 மில்லிகிராம் தாண்ட கூடாது, அதுதான் அங்க சட்டம். தாண்டி எவனாச்சும் வித்தா அது கள்ள சரக்கு, காசு கம்மின்னு தொடாதீங்க. யூஸ் அண்ட் த்ரோ ஐட்டத்த 2025 ஜூன் 1ல இருந்து தடையே பண்ணிட்டாங்க. காயில் தனியா கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க, பேனா சீப்பா இருந்து காயில் கிடைக்கலன்னா அது குப்பைக்குத்தான். சின்ன பேனாவுக்கு 50க்கு 50 லிக்விட்தான் (புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ரெண்டும் சரிபாதி) சரி, கிளிசரின் ஜாஸ்தியா இருக்குற கெட்டியானது பெரிய மெஷினுக்கு.

குளிர பத்தியும் ஒண்ணு. ஜனவரில கவன்ட்ரில விடிகாலை ஷிப்டுக்கு போறப்ப லிக்விட் தேன் மாதிரி கெட்டியாயிரும், பஞ்சுக்குள்ள போறதுக்கு நேரம் எடுக்கும், அவசரமா இழுத்தா டிரை ஹிட்தான். பேட்டரியும் சீக்கிரம் இறங்கிரும். உள் பாக்கெட்ல வச்சுட்டு, ரெண்டு பஃப்புக்கு நடுவுல கொஞ்சம் விட்டு இழுக்கணும்.

---

வத்தலக்குண்டு_ரோடு:

அண்ணே நல்லா சொன்னீங்க. நான் கொடைக்கானல்ல டாக்ஸி ஓட்டுறேன், எனக்கு தம்மு பழக்கமே இல்லண்ணே, ஆனா இந்த சனியன் கூட எனக்கு ஒரு அனுபவம் இருக்கு. போன சீசன்ல ஒரு ஃபேமிலி, வத்தலக்குண்டுல ஏத்துனேன், அவரு பேண்ட் பாக்கெட்ல இந்த பேனாவ வச்சிருந்துருக்காரு, கீழ நல்லாத்தான் இருந்துச்சாம், பெருமாள்மலை வர்றதுக்குள்ள பாக்கெட் பூரா நனைஞ்சு போச்சு, டேங்க்ல இருந்து ஒழுகி சீட்ல எல்லாம் கொழகொழன்னு இனிப்பு வாசம். அவரு அத எடுத்து சீட்டு மேல வக்கிறாரு, பின்னாடி அவரு பொண்ணு, மூணு நாலு வயசுதான் இருக்கும், அத தொட்டுட்டு விரல வாய்க்கு கொண்டு போகுது. எனக்கு அது என்னான்னே தெரியாதுண்ணே ஆனா என்னமோ மனசு கேக்கல, ஓரமா நிறுத்தி கேன் தண்ணிய ஊத்தி அந்த புள்ள கைய நல்லா கழுவ சொல்லிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். அது ஏன்ணே மலை ஏறுறப்ப ஒழுகுது? ஐட்டம் டூப்ளிகேட்டா?

---

குன்னூர்_டு_கவன்ட்ரி:

தம்பி நீங்க பண்ணது ரொம்ப பெரிய காரியம். அந்த லிக்விட்ல இருக்குறது நிக்கோடின், தோல் வழியாவும் உள்ள போகும், சின்ன புள்ளைங்க வாய்க்கு போனா வாந்தி, மயக்கம், அளவு ஜாஸ்தியானா உயிருக்கே ஆபத்து. இனிப்பு வாசமா வேற இருக்கும், அதான் பயம். யாராச்சும் புள்ள குடிச்சிருச்சுன்னா யோசிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போகணும், பாட்டிலயும் கையோட கொண்டு போகணும்.

ஒழுகுறதுக்கு காரணம் டூப்ளிகேட் இல்ல, மலைதான். வத்தலக்குண்டு 300 மீட்டர் சொச்சம், கொடைக்கானல் 2,100 மீட்டர் கிட்ட. மேல ஏற ஏற வெளிய காத்தழுத்தம் குறையும், அஞ்சுல ஒரு பங்கு கிட்ட குறைஞ்சிரும், டேங்க்ல பாதி காலியா இருந்தா அங்க கீழ்நாட்டு காத்து அடைஞ்சு இருக்கும்ல, அது விரிஞ்சு லிக்விட காயில் ஓட்டை வழியா வெளிய தள்ளும். சிப்ஸ் பாக்கெட் மேல வர்றப்ப உப்பி நிக்கும்ல, அதே கதை. பிளேன்லயும் இதேதான், கேபினுக்குள்ள அழுத்தம் கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரத்துக்குத்தான் வச்சிருப்பாங்க. அங்க மலைப்பக்கம் போறவங்க டேங்க காலி பண்ணிட்டு போறது நல்லது.

---

கூடலூர்_மொபைல்_சர்வீஸ்:

நான் செல்போன் ரிப்பேர் பண்றவன், அதனால பேட்டரி பத்தி மட்டும் சொல்றேன். டூரிஸ்ட் பசங்க அப்பப்ப இத கொண்டு வந்து "அண்ணா சார்ஜ் ஏறல பாருங்க"ம்பாங்க, நான் வாங்க மாட்டேன், ஒரு பையன் மட்டும் ரொம்ப கெஞ்சி மேஜைலயே வச்சுட்டான், சரின்னு மீட்டர வச்சு பாத்தேன். உள்ள ஒத்த லித்தியம் செல்லு, ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட்தான் குடுக்கும், இந்த மாதிரி செல்லு பெரும்பாலும் அப்டித்தான். அதுக்கு மேல 4.8 வேணும்னா உள்ள பூஸ்ட் சர்க்யூட்டுனு தனியா ஒண்ணு இருக்கணும். இதுல அது இல்லவே இல்ல, லைட்டு மட்டும் வெள்ளை நீலம் சிவப்புன்னு அழகா மாறுது, கரண்ட வேகமா விட்டு விட்டு குடுத்து ஏமாத்துறான், சிவப்புலயும் பேட்டரில இருக்குறதுதான் வருது. சார்ஜ் இறங்குனா அதுவும் இறங்கும். அட்டைல மட்டும் 4.8 வோல்ட்டுன்னு பெருசா எழுதியிருக்கு.

இன்னொண்ணு, உள்ள இருக்குற செல்லு சின்னது, 650, 900 mAh அந்த மாதிரி. அதப்போயி இப்ப வர்ற ஃபாஸ்ட் சார்ஜர்ல சொருகி ராத்திரி பூரா தலைமாட்டுல வச்சுட்டு தூங்குறாங்க. நல்ல சர்க்யூட்டுன்னா அதுவே கட் பண்ணிக்கும், இந்த மாதிரி மட்டமானதுல அந்த நம்பிக்கை எனக்கு இல்ல. உப்புன செல்ல கண்டா தயவு செஞ்சு குத்தாதீங்க. அப்புறம் ரோட்டோரம் காட்டுக்குள்ள வீசாதீங்க, பிப்ரவரி மார்ச்ல முதுமலை பக்கம் காஞ்ச புல்லு எப்டி இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், நசுங்குன லித்தியம் செல்லு தீப்பிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

---

கோத்தகிரி_டீச்சர்:

நான் ஒரு ஸ்கூல்ல வேலை பாக்குறேன். ஒன்பதாவது படிக்கிற பையன் பென்சில் பாக்ஸ்ல ஒண்ணு இருந்துச்சு, ஹைலைட்டர் பேனான்னே நெனச்சேன், மூடிய எடுத்தா மாம்பழ வாசம். சிகரெட் வாழ்க்கைல தொட்டிருக்க மாட்டான் அந்த பையன். "மிஸ் இதுல புகையில இல்ல மிஸ், வெறும் ஃப்ளேவர்தான்"னு அவ்ளோ நம்பிக்கையா சொல்றான். சார் எழுதுன மாதிரி தம்ம விடறதுக்கு பெரியவங்க யூஸ் பண்றது வேற, ஒண்ணுமே இல்லாத புள்ள இதுல இருந்து ஆரம்பிக்கிறது வேற. பெத்தவங்க கொஞ்சம் பைய பாருங்க ப்ளீஸ்.

---

குன்னூர்_டு_கவன்ட்ரி:

டீச்சர் சொல்றத அப்டியே ஒத்துக்கறேன். சிகரெட் பழக்கம் இல்லாதவங்க இத தொடவே கூடாது, நிக்கோடினுக்கு அடிமையாகுறதுக்கு புகையில கட்டாயம் இல்ல, நிக்கோடின் போதும். இங்கிலாந்துலயே 2019ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சிகரெட்ட விடறதுக்கு வேப் குடுத்தவங்கள்ல 18 சதவீதம் பேரு ஒரு வருஷம் கழிச்சும் சிகரெட் இல்லாம இருந்தாங்க, கம், பேட்ச் மாதிரி குடுத்தவங்கள்ல 9.9 சதவீதம். இத மட்டும் எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா வேப்பால விட்டவங்கள்ல 80 சதவீதம் பேரு அப்பவும் வேப்ப விடாம வச்சிருந்தாங்க, அத யாரும் சொல்றது இல்ல. நானும் 18 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 12, 6ன்னு எறக்கி இப்ப 3ல நிக்கிறேன், அதையும் முடிச்சிரணும்னுதான் இருக்கேன். இந்த லீவுல அது கைல இல்லாம இருக்குறதும் அதுக்கு உதவுது.

---

எடப்பள்ளி_மகன்:

அண்ணா எங்கப்பா எஸ்டேட்ல வேலை, நாப்பது வருஷமா பீடி, இப்ப இருமல் தாங்கல. அங்க கடைல சீப்பா கிடைக்கும்னா அடுத்த தடவ வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வர முடியுமான்னு கேக்கத்தான் இந்த பக்கமே வந்தேன், நீங்க மொதல்லயே சட்டம் சொல்லிட்டீங்க. அப்ப எங்கப்பாவுக்கு என்னதான் வழி?

---

குன்னூர்_டு_கவன்ட்ரி:

தம்பி, மொதல்ல அந்த இருமல டாக்டர்கிட்ட காட்டுங்க, ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குற இருமல்னா சளி டெஸ்ட் எடுக்க சொல்லுவாங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசு இல்லாம பாப்பாங்க, தள்ளி போடாதீங்க. அப்டியே பீடிய விடணும்னும் அங்கயே சொல்லுங்க. 1800-11-2356ன்னு புகையில விடறதுக்கு இலவச நம்பர் இருக்கு, அப்பாவையே பேச வைங்க, மகன் சொல்றத விட வெளியாள் சொன்னா சில பேரு கேப்பாங்க. 2 மில்லிகிராம் நிக்கோடின் கம் மெடிக்கல்ல கிடைக்கும், எத்தன போடலாம்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க. போடற முறை முக்கியம், சூயிங் கம் மாதிரி சவைச்சுட்டே இருக்க கூடாது, மெதுவா கடிச்சு காரம் தெரிஞ்ச உடனே கன்னத்து ஓரமா ஒதுக்கி வச்சிரணும், காரம் போனதும் மறுபடி ரெண்டு கடி. அப்புறம் எஸ்டேட்ல வேலை பாக்குறவருக்கு இது ரொம்ப முக்கியம், கம் போடறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி டீ காபி எதுவும் வேணாம், கம் வாய்ல இருக்கும்போதும் வேணாம், மருந்து சரியா பிடிக்காது. டீ டைம் முடிஞ்சு பீடி பத்த வப்பாரு இல்லையா, அந்த நேரத்துக்குத்தான் கம் வேணும், அதனால டீய கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்க சொல்லுங்க. நான் இன்னும் ஊர்லதான் இருக்கேன், எடப்பள்ளி பக்கந்தான், அப்பா சரின்னா நேர்ல வந்து பேசறேன்.