நட்டு, வாஷரில் ‘இது யாருக்கும் தோன்றுமே’ ஆட்சேபம்: அனுபவப் பகிர்வு

மதுக்கரைப் பட்டறை:
கோவையில் இருந்தாலும் வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டில் இருந்தாலும் புது நட்டு, வாஷருக்கான காப்புரிமை விண்ணப்பம் சென்னை காப்புரிமை அலுவலகத்துக்குத்தான். முதல் பரிசோதனை அறிக்கையில் இப்படி வரும் (டி1, டி2 என்பவை பரிசோதகர் எடுத்துக்காட்டும் முந்தைய ஆவணங்கள்): டி1 நைலான் வளைய நட்டு, டி2 அடியில் விரிந்த விளிம்பில் பல் வெட்டிய ஃபிளாஞ்ச் நட்டு, இரண்டையும் சேர்க்கத் துறை அறிந்த எவருக்கும் தோன்றும், காப்புரிமைச் சட்டத்தில் ‘புதுமைப் படி’யைச் சொல்லும் பிரிவு 2(1)(ஜேஏ). நைலான் தன் பாட்டுக்கு மரையைப் பிடிக்கிறது, பல் தன் பாட்டுக்குத் தகட்டைக் கடிக்கிறது என்றால், தெரிந்த பொருள்களைச் சும்மா அடுக்கியதற்குக் காப்புரிமை இல்லை என்னும் பிரிவு 3(எஃப்) கூடவே ஒட்டிக்கொள்ளும். பதிலுக்கு 6 மாதம், கேட்டால் இன்னும் 3. “எங்கள் வடிவம் வேறு” என்று எழுதுவது வீண். தனித்தனியாகக் கிடைக்காத பலன் சேர்ந்தபோது வந்ததா என்று காட்டணும்.

அதற்கு ஜங்கர் அதிர்வுச் சோதனை: பூட்டிய போல்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டி, இறுக்கம் எவ்வளவு தளர்கிறது என்று பார்ப்பது. எம்10 (10 மி.மீ. விட்டம்), 8.8 வலிமைக் கிரேடு, ஒரே லாட் போல்ட், ஒரே எண்ணெய். சாதா நட்டு, நைலான் மட்டும், பல் மட்டும், இரண்டும் என நாலு வகை. பலரும் தவறு செய்வது டார்க் (முறுக்குவிசை) ரெஞ்சில்தான். நாலுக்கும் ஒரே டார்க் வைத்தால் நைலானின் உராய்வு ஒரு பங்கைத் தின்னும், பல் தகட்டில் உரசி இன்னொரு பங்கைத் தின்னும். தொடக்க இறுக்குவிசை நாலிலும் வேறாகிவிடும். எதிர்த்தரப்பு அங்கேயே பிடிக்கும். விசையை அளக்கும் லோடு செல்லைப் பார்த்து இறுக்குவிசையைச் சமப்படுத்தணும். ஒருமுறை பூட்டிய நைலான் நட்டை மறுபடி மாட்டவே கூடாது. பலன் என்னவென்று முழு விவரக்குறிப்பில் முதலிலேயே எழுதியிருக்கணும்; பிறகு புதிதாக நுழைக்க, திருத்தங்களுக்கு வரம்பு வைக்கும் பிரிவு 59 விடாது.

கஞ்சிக்கோட்டுக்காரர்:
ஆப்பு வாஷருக்கும் (சரிவுகள் எதிரெதிரே பொருந்தும் ஜோடி வாஷர்) இதே கதைதான் அண்ணா. எம்10 மரையில் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1.5 மி.மீ., மரை ஏறும் கோணம் சுமார் 3 டிகிரி. வாஷர் சரிவு அதைவிடக் கூட இருக்கணும் என்பது பழைய சங்கதி. சரிவை இன்னும் கொஞ்சம் கூட்டினேன் என்று மட்டும் கேட்டால் 1978-இன் பிஷ்வநாத் பிரசாத் தீர்ப்பை நீட்டுவார்கள். லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக் கடையும் அமைப்புக்கான காப்புரிமை அது. வெறும் பட்டறைத் திருத்தம் என்று உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. டி1, டி2 இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்றும் பாருங்க. சைலன்ஸர் சூட்டுக்கான உலோகப் பூட்டு டி1 என்றால், 120 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பிடி தளரும் நைலானை அங்கே யார் வைப்பார்?

கொழிஞ்சாம்பாறை:
அடுத்தவர் வாங்கிய காப்புரிமையை எதிர்ப்பதானால், வழங்கியது காப்புரிமை அலுவலக இதழில் வெளியான 1 ஆண்டுக்குள் எதிர்ப்பு மனு போடணும். முன்பே விற்ற சரக்கு என்று காட்ட பில்லும் தேதியிட்ட டிராயிங்கும் ஒரே பார்ட் நம்பரைச் சொல்லணும். துருப்பிடித்த சாம்பிள் மட்டும் போதாது. நம் பக்கத்து பில் மலையாளத்தில் இருந்தால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பைச் சான்றிட்டு வைங்க.