ஓடை போகும் இடம்

குழு: ஏற்காட்டு வீடு

சித்தப்பா, இரவு 8:12
அண்ணா, ஏரிக்கு மேலே இருக்கும் நம்ம சரிவு நிலத்தைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். 12 காட்டேஜ் கட்டுவாராம். இந்த வாரமே முன்பணம் தருகிறேன் என்கிறார். எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அத்தை, 8:15
நல்ல விலை என்றால் கொடுத்துவிடு தம்பி. காபியில் என்ன வருகிறது இப்போது?

நான், 8:19
சித்தப்பா, கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டீர்களா?

சித்தப்பா, 8:20
செப்டிக் டேங்க் வைப்பார்கள் கண்ணு. அனுமதியெல்லாம் அவரே வாங்கிக்கொள்வாராம்.

நான், 8:31
டேங்க் நிறைந்து வழியும் தண்ணீரை மண்தானே உறிஞ்ச வேண்டும்? அங்கே இரண்டடி தோண்டினாலே பாறை. அப்படியே சரிவில் இறங்கி ஏரிக்குத்தான் வரும். சோப்புத் தண்ணீரிலும் கழிவறைத் தண்ணீரிலும் இருக்கும் பாஸ்பரஸ் பாசிக்கு உரம் போட்ட மாதிரி. பகலில் பாசி ஆக்சிஜனை விடும், ராத்திரியில் மீனோடு சேர்ந்து அதுவும் இழுக்கும். செத்த பாசி மக்கும்போது மிச்சமும் போய்விடும். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான்.

பெரியப்பா, 8:40
கவிதா சொல்வது சரி. அப்பா காலத்தில் அங்கே சில்வர் ஓக், அதன் கீழே காபி, தரை முழுக்க உதிர்ந்த இலை. மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் தெளிவாக வரும். இன்றைக்கு ஜேசிபி சரிவை வெட்டினால் ஒரே மழையில் செம்மண் ஏரிக்குள் இறங்கிவிடும். ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்பார்கள். இரண்டையும் நாமே மூடிவிடக் கூடாது.

அத்தை, 8:42
கிளியூர் அருவிக்கும் இதே தண்ணீர்தானே?

பெரியப்பா, 8:43
ஆமாம்மா. ஏரி நிறைந்து வழிவதுதான் கீழே அருவியாக விழுகிறது. அங்கே பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

சித்தப்பா, 8:51
நம்ம ஒரு இடத்தை விட்டுவிட்டால் ஏரி சுத்தமாகிவிடுமா அண்ணா? சுற்றிலும் கட்டிவிட்டார்கள். எனக்குக் கடன் இருக்கிறது. அதையும் பாருங்கள்.

நான், 8:58
சுத்தமாகாது சித்தப்பா, உண்மைதான். ஆனால் மழைத்தண்ணீர் இறங்கும் ஓடை நம்ம நிலத்துக்குள்தான் போகிறது. அதில் கட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. சேலத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் மக்கள் தூர்வாரினார்களே, அந்த மண்ணைக் கொண்டே நடுவில் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். ஒரு ஏரியைத் திருப்பிக் கொண்டுவர எத்தனை கை வேண்டியிருந்தது! சாலையோரத்தில் இருக்கும் மேல்துண்டை மட்டும் விற்கலாம். வீடு கட்டிக்கொள்பவர் யாராவது வரட்டும்.

பெரியப்பா, 9:04
தம்பி, முன்பணம் வாங்காதே. வட்டி எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை மேலே போய் ஓடை எங்கே வருகிறது என்று டேப் பிடித்து அளந்து பார்ப்போம்.

சித்தப்பா, 9:10
சரி அண்ணா. அவரிடம் பொறுக்கச் சொல்கிறேன். கவிதா, நீயும் வந்துவிடு.

அத்தை, 9:11
நானும் வருகிறேன். முன் சீட் எனக்கு. 20 கொண்டை ஊசி வளைவும் எனக்கு ஆகாது.